விடுப்புக்காரன் வீட்டு ஆடு

விடுப்பு என்ற சொல்லை யார் உண்டாக்கினார்களோ எனக்குத் தெரியாது. என்னை மனதில் வைத்துக்கொண்டுதான் உண்டாக்கியிருக்க வேண்டும் என்பது என் மனைவி ஹிதாயாவின் கருத்து. ஓலைத்தொடுவாயில் நான் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். மண்ணெண்ணெய், புகையிலை, பனங்கட்டி, கொஞ்சம் நூல், கொஞ்சம் தூண்டில். பலகையில் கடைக்குப் பெயர் எதுவும் எழுதவில்லை. எழுதாமலே எல்லோரும் ‘விடுப்புக்காரன் கடை’ என்கிறார்கள்.

அடுத்த வீட்டில் நடப்பதை அறிய ஆசைப்படுவது விடுப்பு. வேலியில் கண்ணை வைத்தால் அது விடுப்புப் பார்ப்பது. “என்னவாம்?” என்று வாயைத் திறந்தால் அது விடுப்புக் கேட்பது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல் ஆளைப் பார்த்துத்தான் ஒட்டும் என்பதை நான் பட்டு அறிந்தேன். மன்னார்க் கச்சேரி அலுவலகத்திலிருந்து வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்திறங்கி, உன் வீட்டில் எத்தனை பேர், எத்தனை தென்னை, யார் செத்தது, எதனால் செத்தது என்று கேட்டால் அது அரசாங்கம். ஊருக்கு அதிகாரியான வஸீர் விதானை கேட்டால் விசாரணை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற சாஹுல் ஹமீட் மரைக்கார் கேட்டால் அக்கறை. அதே கேள்வியைச் சரிபுதீன் கேட்டால் மட்டும் விடுப்பு. துரை எழுதிக்கொண்டு போய் வரி போடுகிறார். நான் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். இரண்டில் எது கெட்டது என்று ஒருவரும் யோசித்ததில்லை.

கடைக்காரன் விடுப்புக் கேட்காமல் எப்படிப் பிழைப்பது? ஒரு வீட்டில் திடீரென்று இரட்டிப்பாக எண்ணெய் வாங்கினால் விருந்தாளியா, காய்ச்சல் வருத்தக்காரரா என்று தெரிந்தால்தானே புகையிலையா கொத்தமல்லியா எடுத்துவைப்பது என்று தெரியும். இதை ஹிதாயாவிடம் சொன்னேன். “நல்ல காரணம், இருபது வருஷமாத் தேடிப் பிடிச்சிருக்கிறீங்க” என்றாள்.

எனக்கு வாய்த்த ஆடும் அப்படித்தான். பெயர் கப்பல். அசைந்து அசைந்து நடக்கும். எந்தக் கரையிலும் போய் ஒதுங்கும். என் வீட்டைச் சுற்றிய வளவின் பின்வேலியில் ஒரு பொட்டு இருந்தது. நாயும் கோழியும் போய்வந்து உண்டாக்குகிற ஓட்டையை நாங்கள் பொட்டு என்போம். அந்தப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினால் எதிரே சனூனின் கிணற்றடி. மீன்பிடிகாரச் சனூன். கிணறு அவனுடையதுகூட அல்ல. அவன் மனைவி கைருன்னிசாவின் வாப்பா வெட்டி, வளவோடு சீதனமாகக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு அது ஒன்றுதான். சனூனின் மூத்த சகோதரர் சாஹுல் ஹமீட் மரைக்காரின் வளவு அந்தக் கிணற்றடி வேலிக்கு அடுத்த பக்கம்தான். ஆனால் அவருடைய கிணற்றுத் தண்ணீரில் சோறாக்கினால் உப்புப் போட வேண்டியதில்லை.

கப்பலுக்கு இதெல்லாம் தெரியும். ஒவ்வொரு நாளும் பொட்டுக்குள்ளால் போய், கிணற்றடியில் தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு, கைருன்னிசாவின் கத்தரிப் பாத்தியில் நாலு இலை கடித்துவிட்டு வரும். போன வருஷம் சனூன் பொறுக்கமாட்டாமல் கப்பலைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஜும்ஆ முடிந்த நேரம் பள்ளி முற்றத்துக்கே வந்துவிட்டான். ஊரே நின்று சிரித்தது. தீர்ப்புச் சொன்னவர் மரைக்கார். “சனூன்ர கிணத்தடிக்குச் சரிபுதீன்ர ஆடு இனிப் போகக்கூடாது. சனூனிட்ட மன்னிப்புக் கேள். ஆட்டின்ர கழுத்தில மூண்டு தடி கட்டு” என்றார். வேலிக்குள் நுழையாதபடி ஆட்டின் கழுத்தைச் சுற்றி முக்கோணமாகத் தடி கட்டுவது எங்கள் ஊர்த் தண்டனை. நானும் மன்னிப்புக் கேட்டேன், தடியும் கட்டினேன். இரண்டு நாள் கழித்துச் சனூனே வந்து அவிழ்த்துவிட்டான். “பாவம் நானா, பொட்டுக்கு முன்னால நிண்டு கத்துது. குடிச்சிட்டுப் போகட்டும்” என்றான். அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவான். அப்படிப்பட்டவன் அவன்.

இந்த வருஷம் மாரி முடிகிற நேரத்துக் காய்ச்சலில் சனூன் மவுத்தாகிவிட்டான். பிள்ளை இல்லை. கைருன்னிசா இத்தாவில் இருந்தாள். கணவன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும். பிற ஆண் கண்ணில் படக்கூடாது. ஸுஹறா என்ற கிழட்டுச் சாச்சி ஒருத்தி துணைக்கு வந்து நின்றாள். மற்றபடி அந்த வளவுப் பக்கம் ஆண் வாடை இல்லை. அந்தப் பாதையால் போகிற ஆம்பிளைகள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போவார்கள். நானும் திருப்பினேன். பின்வேலிப் பக்கம் போவதையே விட்டேன். என் கழுத்துக்கு அது புதுப் பழக்கம், வலித்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வேலிக்குள் பார்க்காமல் இருந்தேன். என்னுடைய இந்த ஒரேயொரு நல்ல குணத்தைத்தான் ஒருவர் பயன்படுத்திக்கொண்டார்.

மாசியில் எல்லோரும் வேலி அடைக்கிற காலம். கைருன்னிசாவுக்கு ஆம்பிளை இல்லை என்று சாஹுல் ஹமீட் மரைக்காரே தன் செலவில் இரண்டு வளவுக்கும் நடுவேலியை அடைத்துக் கொடுத்தார். ஊர் மெச்சியது. ஹதீஸ் சொல்கிற லெப்பைகூட அதை ஒரு உதாரணமாகச் சொன்னார். எங்கள் ஊரில் வேலி அடைக்கிற ஆட்கள் இருக்க, கடலுக்கு அந்தப் பக்கப் பெருநிலத்திலிருந்து, பாப்பாமோட்டை வயல்காரர் சிங்கராசாவையும் அவருடைய ஆட்களையும் ஏன் கூட்டிவந்தார் என்று நான் மட்டும் கேட்டேன். விடுப்புக் கேட்காதே என்றார்கள். வாயை மூடினேன்.

ஒரு நாள் காலையில் மரைக்கார் என் கடை வாசலில் நிற்கிறார். கையில் கயிறு. கயிற்றின் மற்ற முனையில் கப்பல்.

“உன்ர ஆடு என்ர கிணத்தடியில நிக்குது. பாத்தியில ஒரு கத்தரி மிச்சமில்லை. ஆள்தான் விடுப்புக்காரன் எண்டு பார்த்தா ஆடும் அப்படித்தான்.”

நான் சிரித்துச் சமாளித்தேன். அது அவரை இன்னும் கோபமாக்கியது. இதை விடப்போவதில்லை, வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் நான் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் யோசனை வந்தது. அவருடைய கிணறு வாசல் பக்கம் அல்லவா இருக்கிறது? அந்த உப்பை இந்த ஆடு முகர்ந்தும் பார்க்காதே. அவருக்குக் கத்தரிப் பாத்தி எப்போது வந்தது? பின்வேலிக்குப் போய்ப் பொட்டுக்கு முன்னால் குப்புறப் படுத்தேன். நாற்பது வயதுக்காரன், தாடி மண்ணில் புரள, ஆட்டின் வழியில் தலையை விட்டுப் பார்த்தேன். அதே கிணறு. அதே தண்ணீர் இறைக்கிற துலா. அதே கத்தரி. அதற்கு அப்பால், இருக்கவே கூடாத இடத்தில், ஆளுயரத்துக்குப் பச்சை ஓலை வேலி. வேலிக்குப் பின்னால் கைருன்னிசாவின் வீட்டு முகடு மட்டும் தெரிந்தது. நான் பார்த்தது அவளுடைய முற்றத்தை அல்ல, அவளுடைய முற்றம் இருந்த இடத்தை.

ஆடு வழி மாறவில்லை. வேலிதான் நடந்திருந்தது.

உள்ளே ஓடிப்போய் ஹிதாயாவிடம் சொன்னேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே, “எனக்கு வேலி அடைச்ச அண்டைக்கே தெரியும்” என்றாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“உங்களுக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி.”

தினமும் கைருன்னிசாவுக்குக் கஞ்சி கொண்டுபோகிற பெண்களுக்கெல்லாம் தெரியுமாம். ஸுஹறாச் சாச்சி மூச்சு வாங்க வாங்க ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு நடக்கிறாளாம். ‘உன்ர இத்தாவுக்கு மறைப்பா இருக்கட்டும், தண்ணி அள்ள வாற ஆம்பிளைகள் கண்ணில நீ படக்கூடாது’ என்று மரைக்கார் சொல்லியனுப்பினாராம். கைருன்னிசா அழுதாளாம். ஆனால் சனூனுக்காக இருக்கிற இத்தாவில் அவனுடைய சகோதரரோடு சண்டை வேண்டாம், முடியட்டும் என்று இவர்களுடைய வாயையும் கட்டிப்போட்டாளாம்.

இனி அவளுக்குக் கடலில் ஆள் இல்லை. அந்தக் கிணறும் கத்தரிப் பாத்தியும்தான் அவளுடைய சோறு. அது போனால் கைருன்னிசா யாருடைய வீட்டிலாவது அடுப்படியில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் மரைக்கார் வீட்டு அடுப்படி.

“அப்ப ஜும்ஆவில சொல்லிப்போடுறன். ஆட்டுக்கு மன்னிப்பும் கேட்டு, விஷயத்தையும் சொல்லுறன்.”

ஹிதாயா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்க வியாபாரத்தில ஏன் முன்னுக்கு வரேல்லை எண்டு இப்ப விளங்குது. ‘மரைக்கார்ர கிணத்தடிக்கு என்ர ஆடு போனது பிழை’ எண்டு பள்ளியில நிண்டு சொன்னா, கிணறு மரைக்கார்ர எண்டு ஊர் கேட்ட மாதிரித்தானே? அவர் ஆட்டுக்காகவோ அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்?”

என் மன்னிப்பை வைத்து ஒரு கிணற்றைக் கட்டி இழுக்கப் பார்த்திருக்கிறார். என்னைக் கேலி செய்வதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வஸீர் விதானையிடம் போனேன். அவர் கதிரையில் சாய்ந்திருந்து எல்லாவற்றையும் கேட்டார்.

“வேலி உள்ளுக்குப் போயிருக்கிறதை நீர் எப்படிக் கண்டனீர்?”

“பொட்டுக்குள்ளால பார்த்தனான்.”

“இத்தா இருக்கிற வீட்டையோ?”

அவ்வளவுதான். பார்த்தேன் என்றால் நான் பாவி. பார்க்கவில்லை என்றால் எனக்கு என்ன தெரியும்? பெண்களைக் கேளுங்கள் என்றேன். பெண்களின் விடுப்புக் கதைகளை வைத்து விதானை வேலை பார்க்க முடியாது என்றார். அவரும் மரைக்காரின் மச்சான் முறைதான் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் விடுப்பு. திரும்பி வருகிற வழியெல்லாம் தனியே பேசிக்கொண்டு வந்தேன். பார்க்காமல் இருப்பதை மரியாதை என்று சொல்லித் தந்தார்கள். ஊரே மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, திருப்பிய முகங்களுக்குப் பின்னால் ஒருவர் வேலிக் கதியால்களைப் பிடுங்கி நட்டிருக்கிறார். அதைக் கேட்கிறவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். செய்கிறவனுக்கு வைத்த பெயர் மரைக்கார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. செருப்பைத் தேடுகிற சாக்கில் எல்லோரும் வேம்படியில் நின்றார்கள். மரைக்கார் தொண்டையைச் செருமிக்கொண்டு முறைப்பாட்டைச் சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவனுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிறவன் என்பதால் துணிச்சல்காரன் என்று அர்த்தமில்லை.

“மன்னிப்புக் கேக்கிறன்” என்றேன். “ஆனா ஆரிட்டக் கேக்கிறது எண்டு விளங்கேல்லை.”

“என்னட்டக் கேள்” என்றார் மரைக்கார்.

“கேக்கலாம் மரைக்கார். போன வருஷம் இதே மரத்துக்குக் கீழ, இதே ஆட்டுக்காக, இதே கிணத்தடிக்குப் போனதுக்காகச் சனூனிட்ட மன்னிப்புக் கேட்டனான். நீங்கதான் கேக்கச் சொன்னீங்க. ‘சனூன்ர கிணத்தடி’ எண்டு நீங்கதான் சொன்னீங்க. இவங்க எல்லாரும் நிண்டு சிரிச்சவங்க. ஆடு அதேதான். பொட்டும் அதேதான். கிணறும் இடம் பெயரேல்லை. அப்ப சனூனிட்டக் கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுக்கிறதோ, இல்லாட்டி இரண்டாவது மன்னிப்பையும் அந்த வீட்டுக்கே குடுக்கிறதோ?”

போன வருஷத்துச் சிரிப்பு எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பலபேர் நிலத்தைப் பார்த்தார்கள். பின்னால் யாரோ மூக்கால் சிரித்தான்.

மரைக்காரின் முகம் கறுத்தது. “இத்தா வீட்டுக்க விடுப்புப் பார்த்திட்டு வந்து பள்ளியில கதைக்கிறான்” என்றார்.

“நான் பார்த்தது உங்கட பக்கத்தை மரைக்கார். உங்கட பக்கம் எண்டு நீங்கதானே சொல்லுறீங்க?”

விதானை நடுவில் புகுந்தார். இது குடும்ப விஷயம், இத்தா முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று எல்லோரையும் அனுப்பிவைத்தார். பிறகு! பிறகு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? இத்தா முடிகிறபோது பச்சை ஓலை காய்ந்து பழைய வேலி ஆகியிருக்கும். இவ்வளவு நாளும் ஊர் பேசாமல்தானே இருந்தது என்பார்கள். ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து ஹிதாயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கஞ்சிப் பானையை எடுத்துக்கொண்டு கைருன்னிசா வீட்டுக்குப் போனாள்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பெண்கள் வேலியில் ஓட்டை போடுவதில் கைதேர்ந்தவர்கள். ஒரு ஓலைக் கீற்றை விரலால் சற்று விலக்கினால் போதும். இந்தக் கண்ணுக்கு அந்த வளவு முழுவதும் தெரியும். துக்கம் விசாரிக்கப் போகிற ஒவ்வொருத்தியும் அந்தப் புது வேலியடியில் கொஞ்சம் நின்றாள். ஒரு கீற்றை விலக்கினாள். சிலர் இரண்டு. ஸுஹறாச் சாச்சிக்கு இருட்டுக்கண். ஆகவே அவளுக்குப் பெரிய ஓட்டையாக வேண்டியிருந்தது. மரைக்கார் ஓட்டையை அடைத்தால் அடுத்த நாள் பக்கத்தில் இன்னொன்று. சிங்கராசாவுக்கு ஆளனுப்பினார். நெல் அரிவி வெட்டு நேரம், வரமுடியாது என்று பதில் வந்தது. எங்கள் ஊர் ஆட்களுக்கோ திடீரென்று எல்லோருக்கும் முதுகுவலி.

அப்போதுதான் அந்தச் சொல் புறப்பட்டது. நான் அனுப்பியது அல்ல என்று சத்தியமாகச் சொல்கிறேன். அனுப்பியிருக்க வேண்டும் என்று ஆசைதான். வேலி சல்லடையாகிவிட்டது. கிணற்றடியில் நின்றால் இத்தா வீட்டு முற்றம் தெரிகிறது. அங்கே ஒரு ஆம்பிளை நின்று தண்ணீர் அள்ளினால், அதுவும் கணவனின் சகோதரர், இத்தாவில் இருக்கிற பெண்ணின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றால், அதற்குப் பெயர் என்ன?

“மரைக்கார் வேலிக்குள்ளால விடுப்புப் பார்க்கிறாராம்.”

முதலில் பெண்கள் சொன்னார்கள். பிறகு கரைவலை இழுக்கிற இடத்தில் சொன்னார்கள். என் கடைக்குப் புகையிலை வாங்க வந்த ஒருவன், ஏதோ எனக்குத் தெரியாத புதினம் சொல்கிறவன் போல் என் காதுக்குள் சொன்னான். நான் கோபித்துக்கொண்டேன். பெரிய மனிதரைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது, அவர் அக்கறையாகப் பார்க்கிறார் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

இருபது வருஷமாக அந்தச் சொல்லை நான் சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிகிறேன். மரைக்காரால் ஒரு கிழமை தாங்க முடியவில்லை. கிணற்றடிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தார். வாளி கல்லில் இடித்தது. விதானையிடம் முறையிட்டார். யாரைப் பிடிப்பது, துக்கம் விசாரிக்க வருகிற பெண்களையா என்று விதானை கேட்டாராம். மச்சானாக இருந்தும் கேட்டாராம். கடைசியில் ஒரு காலையில், கூலிக்கு ஆள் இல்லாமல், மரைக்காரே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதியால்களைப் பிடுங்கினார். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய குழிகளில் நட்டார். உதவிக்குப் போவோமா என்று எனக்கு ஒரு நிமிஷம் மனம் இளகியது. அவருக்கும் இடுப்பு வலிக்கிற வயதுதானே. பிறகு ஸுஹறாச் சாச்சி குடத்தோடு நடந்த நடையை நினைத்தேன். புகையிலையைக் கட்டி வைக்கிற வேலையைப் பார்த்தேன்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் அவரைக் கேட்கச் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். ஆட்டுக்குப் பள்ளி முற்றத்தில் வழக்கு. கிணற்றைத் தூக்கினவருக்கு ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஜும்ஆவில் முன்வரிசையில் அவருடைய இடத்திலேயே நின்றார். அவருக்கு ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இத்தா முடிந்த அடுத்த நாள் காலை. துலா கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. எவ்வளவோ நாளுக்குப் பிறகு அந்தச் சத்தம், அந்தத் தாளத்தில். நான் பின்வேலிப் பக்கம் போகவில்லை. கடைக்குள் பனங்கட்டிப் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். வாளியைக் கல்லில் வைக்கிற சத்தம். பிறகு சருகு மிதிபடுகிற சத்தம். பிறகு ஒரு கூச்சல்.

“சரிபுதீன் நானா! உங்கட விடுப்புப் பிடிச்ச ஆடு என்ர கத்தரிக்க நிக்குது. இப்ப வந்து கொண்டுபோறீங்களோ, இல்லாட்டிப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு வரட்டோ?”

என்ர கத்தரி. நான் அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்ததால் பதில் சொல்லாமல் நின்றேன். கைருன்னிசா இரண்டாவது தடவை இன்னும் உரத்துக் கூப்பிட்டாள்.

“வாறன் தங்கச்சி, வாறன்” என்றேன். ஹிதாயா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, கண்ணில் என்ன என்று கேட்டாள். புகையிலைத் தூள் என்றேன். அவள் நம்பவில்லை. விடுப்புக் கேட்காதே என்று சொல்லிவிட்டு, கப்பலின் கழுத்துக்கு மூன்று தடி வெட்டப் போனேன்.